நீ பொறுக்கின மரத்துல நீயே ஏறு

மரக்கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து இந்த வருஷம் ஒரு மலர் போடுகிறார்கள். அதற்கு நானும் ஏதாவது எழுத வேண்டும் என்று இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். கையில் ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதன் இரண்டு முள்ளையும் மரத்தில் குத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று காட்டுமாம். எங்கள் வாசல் கதவிலேயே குத்திக் காட்டினார்கள். வந்த எண்ணைப் பார்த்ததும் இருவர் முகமும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் சொல்லாததை நானே சொல்லிவிடுகிறேன். ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் மரம் பார்த்துக் கொடுத்தவன் வீட்டுக் கதவு, மழைக்காலத்தில் தோளால் இடித்தால்தான் திறக்கும். அந்தக் கதவுக்கு மரம் பொறுக்கியதும் நான்தான்.

“இது இல்லாத காலத்துல எப்படிங்க ஐயா மரம் பார்த்தீங்க?” என்று ஒருவர் கேட்டார். தட்டிப் பார்த்து என்றேன். இருவரும் பயபக்தியோடு தலையை ஆட்டினார்கள். இந்தப் பயபக்தியை நம்பித்தான் நானும் அத்தனை வருஷம் பிழைப்பை ஓட்டினேன்.

கல்மண்டபத்தில் அண்ணாச்சியின் மரக்கிடங்கில் எனக்கு ‘டொக்கு கோவிந்தன்’ என்று பெயர். எப்போதும் கையில் ஒரு சின்ன மரச்சுத்தி இருக்கும். மரத்தில் காதை வைத்து, கையெட்டும் தூரத்தில் ஒரு தட்டுத் தட்டுவேன். கண்ணை மூடிக்கொள்வேன். வாங்க வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு “ம்” என்பேன். அந்த ஒரு ‘ம்’முக்காகப் பெரம்பூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். என் காதில் விழுந்தது என்னவோ ‘டொக்’ என்ற சத்தம் மட்டும்தான். நல்ல மரமும் ‘டொக்’ என்றுதான் சொன்னது. சொத்தை மரமும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது.

நான் இந்த வேலைக்கு வந்த கதை ரொம்பச் சின்னது. தண்டையார்பேட்டையில் பிறந்தேன். எட்டாவதோடு படிப்பு என்னை விட்டுவிட்டது. துறைமுகத்தில் வேலை கேட்டேன், கிடைக்கவில்லை. அண்ணாச்சி கிடங்கில் மரம் தூக்கச் சேர்ந்தேன். தூக்கிய முதல் வாரமே முதுகு பிடித்துக்கொண்டது. அளவு பார்க்கும் ஆளுக்கு எடுபிடியாகப் போட்டார்கள். யுத்தத்தின்போது பட்டணத்தில் குண்டு விழும் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதல்லவா, அப்போது மரம் பார்க்கும் பழைய ஆளும் சொந்த ஊருக்குப் போய்விட்டார். போனவர் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது நான். மரம் தேர்ந்தெடுப்பவனாக என்னைத் தேர்ந்தெடுத்தது இந்த லட்சணத்தில்தான்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திட்டமாட்டார். கேள்விதான் கேட்பார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். கொஞ்சம் துடைத்தால் சின்னக் கோபம். துடைத்துக்கொண்டே இருந்தால் பெரிய கோபம்.

வாங்க வந்தவர் “நல்ல மரமா ஒண்ணு குடுங்க” என்றால் அண்ணாச்சி மரத்தின் பக்கமே திரும்பமாட்டார். எதற்கு என்பார். கதவுக்கு என்றால், வெயில் அடிக்கிற பக்கமா, மழைச் சாரல் படுகிற பக்கமா என்பார். பெட்டிக்கு என்றால், உள்ளே துணி வைக்கவா, பாத்திரம் வைக்கவா என்பார். வாங்க வந்தவருக்கே தன் வீட்டைப் பற்றிச் சந்தேகம் வரும் அளவுக்குக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். கிணற்றடியில் தண்ணீரிலேயே கிடக்க வேண்டுமானால் நாவல். மாட்டு வண்டிக்குக் கருவேலம். அலமாரிக்குத் தேக்கு, அதையும் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். பலகையைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே பார்வை பார்ப்பார். முறுக்கு இருந்தால் அதில் தெரிந்துவிடும். ஓரத்தில் வெளுத்திருந்தால் அந்தப் பகுதி இளசு, பூச்சி முதலில் அங்கேதான் குடியேறும். கணுவின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துவார். அசைந்தால் அது ஒருநாள் கழன்று விழும். எல்லாம் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறக்கமாட்டார். பலகையைத் திருப்பிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

“மரத்துல நல்லது கெட்டதுன்னு என்னல இருக்கு? எதுக்குன்னு கேக்காம தூக்கிக் குடுக்கான் பாரு, அவந்தான் கெட்டவன்” என்று என்னிடம் சொல்வார். தலையாட்டுவேன். தலையாட்டுவதில் அப்போதே எனக்கு நல்ல தேர்ச்சி.

இத்தனையையும் நான் தேக்கில் கற்றுக்கொண்டேன் என்பது உண்மைதான். ஆனால் யுத்தத்தில் பர்மாத் தேக்கு வருவது நின்றுபோனது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் போன பிறகும் முன்போல் வரவில்லை. கிடங்கில் பாதி இடம் வெறுமனே கிடந்தது. அண்ணாச்சி யோசித்துப் பார்த்து, காசிமேட்டு மீனவர்களுக்குக் கட்டுமரத்துக்கான மரத்தை வரவழைத்து விற்க ஆரம்பித்தார். அதற்குத் தேக்கு உதவாது. லேசாக இருக்க வேண்டும், தண்ணீரைக் குடிக்கக் கூடாது. தணக்கு என்று ஒரு மரம், மலைக்காடுகளிலிருந்து ரயிலில் முழுசு முழுசாக வந்து இறங்கும். நகம் பட்டால் குழிந்துவிடும். அதை மரம் என்று ஒப்புக்கொள்ளவே என் தேக்குப் புத்திக்கு மனசு வரவில்லை.

அந்த மரங்களின் இரண்டு முனையிலும் சாணமும் களிமண்ணும் குழைத்துப் பூசி அனுப்புவார்கள். வெயிலில் முனை வெடிக்காமல் இருப்பதற்கு. நல்ல பழக்கம்தான். ஆனால் உள்ளே வெடிப்போ சொத்தையோ இருந்தால் அதையும் அந்தப் பூச்சு மறைத்துவிடும். அதனால் வந்து இறங்கியதும் சுரண்டிப் பார்க்க வேண்டும். சுரண்டினால் சட்டை கலீஜாகிவிடும். நான் அப்போதுதான் வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்திருந்தேன். எனவே சுரண்டவில்லை, தட்டினேன். ‘டொக்’ என்றது. சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டேன். வட்டம் போட்டால் முதல் தரம் என்று அர்த்தம். அண்ணாச்சி எல்லாரிடமும் “என் ஆளு வட்டம் போட்டா போட்டதுதான்” என்று சொல்லி வந்தார். அதைக் கேட்கக் கேட்க எனக்குத் தலை கனத்துக்கொண்டே போனது.

அப்படி இருக்கும்போதுதான் அஞ்சலை வந்தார். காசிமேட்டில் கூடை மீன் விற்பவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் இருக்கும். அவர் கணவர் கடலில் போனவர். கட்டுமரம் தண்ணீர் குடித்துக் கனத்துப்போய், அலை மடிகிற இடத்தில் முறிந்துவிட்டதாம். மரத்துண்டுகள் கரைக்கு வந்தன, மனிதர் வரவில்லை. ஒரே மகன் எத்திராஜ். அவன் அதுவரை மற்றவர்கள் மரத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். இப்போது சொந்தமாக ஒரு கட்டுமரம் கட்டிக்கொண்டு கடலுக்குப் போக ஆசைப்பட்டான். அதற்கு நாலு மரம் வாங்கத் தாயும் மகனும் வந்திருந்தார்கள். மகன் முகத்தில் சந்தோஷம். தாய் முகத்தில் அது மருந்துக்கும் இல்லை.

வட்டம் போட்ட மரங்களில் நாலை உருட்டி வைத்து என் வித்தையைக் காட்டினேன். காதை வைத்தேன், தட்டினேன், கண்ணை மூடினேன். நாலுக்கும் சேர்த்து நீளமாக ஒரு “ம்” போட்டேன்.

“இன்னா கேட்டுச்சு நைனா?” என்றார் அஞ்சலை.

அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“நல்ல மரம்க்கா. உள்ள சும்மா கெட்டியா கீது.”

“கெட்டியா இருந்தா முழுகிடுமே. லேசா இல்ல இருக்கணும்?”

“லேசாவும் கீதுக்கா.”

எத்திராஜ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். அஞ்சலை சிரிக்கவில்லை. மரத்தையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி நைனா. மரம் கட்டி முடிச்சதும் எம்புள்ளைக்கு முன்னாடி நீ ஒரு தபா போய்ட்டு வா.”

“எங்கக்கா?”

“கடலுக்கு. நீ பொறுக்கின மரத்துல நீயே ஏறு. அலைய தாண்டிப் போய்ட்டு திரும்பி வா. அப்பால எம்புள்ளைய அனுப்பறேன்.”

நான் சிரித்துக்கொண்டே அண்ணாச்சியைப் பார்த்தேன், அவரும் சிரிப்பார் என்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா சொல்லுதது நாயந்தானல” என்றார். பிறகு அஞ்சலையிடம், “ஏறுவான் தாயி. கை வச்சவன் கால் வைக்க மாட்டானா?” என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது. காசிமேட்டுக் காற்றிலேயே வளர்ந்தவன், கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. இதை அங்கே சொல்லியிருக்கலாம். முதல் தர மரத்துக்கு வட்டம் போடுகிற வாயால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் வந்து மரத்தை எடுத்துக்கொள்கிறோம் என்று இருவரும் போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நாலு மரத்தின் முனைகளையும் ஒன்றுவிடாமல் சுரண்டினேன். முதல் மரம் சுத்தம். இரண்டாவதன் முனையில், நடுவில் பழுப்பாக ஒரு வளையம் இருந்தது. நகத்தை வைத்தேன், உள்ளே இறங்கியது. மூன்றாவதில் வெளியே ஒன்றும் தெரியவில்லை, நடுவில் ஒரு கணு மட்டும் இருந்தது. ஆளைக் கூப்பிட்டு ஒரு முனையைத் தூக்கச் சொல்லி, மறு முனையை நான் தூக்கினேன். அதே பருமன் உள்ள மற்ற மரங்களைவிட அது கனத்தது. நாலாவது சுத்தம். பழுப்பு வளையம் இருந்தால் உள்ளேயும் சொத்தை இருக்கும் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. கனம் எதனால் என்றும் தெரியாது. ஆனால் அந்த இரண்டிலும் நான் ஏறமாட்டேன் என்பது மட்டும் ரொம்ப உறுதியாகத் தெரிந்தது.

சாயங்காலம்வரை மரங்களுக்கு நடுவே தவழ்ந்தேன். ஒவ்வொன்றாக உருட்டி அடிப்பக்கம் பார்த்தேன். மோந்து பார்த்தேன். வண்டுத் துளை இருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனேன். தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மரத்தையும் பார்த்து, அலைக்கு நடுவில் இதை நம்பி உட்கார முடியுமா என்று கேட்டுக்கொண்டேன். உயிர்ப் பயம் வந்ததும் எனக்குக் கண்ணும் மூக்கும் புதிதாக முளைத்ததுபோல் இருந்தது. கடைசியில் இரண்டு நல்ல மரங்களைக் கண்டுபிடித்து அந்த இரண்டுக்குப் பதிலாக வைத்தேன். கழித்த இரண்டையும் அடுக்கிலேயே திரும்பப் போட்டேன். அவற்றின் மேல் இருந்த வட்டத்தை அழிக்கவில்லை. அழித்தால் அண்ணாச்சி ஏன் என்று கேட்பார்.

மறுநாள் காலையில் அஞ்சலை மரங்களைப் பார்த்தார். “நேத்து காட்டினது இதா?” என்றார்.

“ரெண்ட மாத்திகீறேன்க்கா. இன்னும் நல்லதா.”

அவர் என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் களிமண் ஏறியிருந்தது. “ம்” என்றார். நான் என் ஆயுசில் போட்ட ‘ம்’ எல்லாவற்றையும்விட அது கனமாக இருந்தது.

காசிமேட்டுக் கரையில் எத்திராஜும் அவன் உறவுக்காரர்களும் மரங்களைச் செதுக்கி, முனைகளை மேல்நோக்கி வளைத்துச் சேர்த்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். மரம் கட்டி முடிகிறவரை எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வந்தால் தப்பிக்கலாம் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. முடிந்ததும் ஆள் அனுப்பினார்கள். போனேன். குப்பமே கரையில் நின்றது. கற்பூரம் கொளுத்தினார்கள். நான் அந்தக் கற்பூரத்தை வேறு விதமாக எடுத்துக்கொண்டேன்.

கட்டுமரத்தில் உட்காருவது படகில் உட்காருவது போல இல்லை. மரத்துக்கும் மரத்துக்கும் இடையே தண்ணீர் பொங்கி மேலே வரும், போகும். முக்கால்வாசி கடலிலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று அர்த்தம். முதல் அலையில் என் வேட்டி போய்விட்டது. நல்ல காலம், கோவணம் கட்டியிருந்தேன். இரண்டாவது அலையில் கண்ணை மூடிக்கொண்டேன். கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தேன், பல்லாலும் பிடித்தேன்.

“அண்ணாத்தே, வாயில இருந்து கயித்த எடு. உப்பு கரிக்கும்” என்றான் எத்திராஜ், துடுப்பை வலித்துக்கொண்டே.

“கரிச்சா கரிக்கட்டும்” என்று பல்லைக் கடித்தபடி சொன்னேன்.

“கண்ண தொற. தாண்டியாச்சு.”

திறந்தேன். துறைமுகத்துக் கப்பல்களும் பாரந்தூக்கிகளும் எங்கோ தள்ளி நின்றன. கரையில் நிற்கும் ஆட்கள் சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரிந்தார்கள். எட்டிக் குனிந்து வாந்தி எடுத்தேன். எடுத்து முடித்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். நாலு மரமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஒன்றுகூடத் தாழ்ந்துபோகவில்லை. நான் பொறுக்கிய மரம் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது. அத்தனை பயத்துக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வேலையில் நான் அதுவரை அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை.

கரைக்கு வந்ததும் பயமெல்லாம் பறந்துவிட்டது. எத்திராஜ் கொடுத்த துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கடலை நானே கட்டியாண்டவன் மாதிரி நடந்து வந்தேன். நாலு பேர் கைகொடுத்தார்கள். அஞ்சலை கட்டுமரத்தின் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு மரமாகத் தடவிப் பார்த்தார்.

“சரி. எம்புள்ள நாளைக்கு போவட்டும்” என்றார். எழுந்திருக்கவில்லை. “நைனா, நீ கழிச்சியே ரெண்டு மரம், அது எங்க கீது?”

“கிடங்குலதான்க்கா.”

“கிடங்குல எங்க?”

“அடுக்குல.”

“அடுக்குலன்னா? விக்கறதுக்கா?”

நான் இடுப்புத் துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினேன்.

“நீ ஏற மாட்டேன்னு எடுத்துப் போட்டத, வேற எவ பெத்த புள்ளைக்கு வச்சிகீற?”

அவர் கத்தவில்லை. மகனிடம் பேசுவதுபோல்தான் கேட்டார். கைகொடுத்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். 

ஓடினேன். ஈரத்துண்டோடு, செருப்பில்லாமல், காசிமேட்டிலிருந்து கல்மண்டபம்வரை ஓடினேன். வழியில் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ‘டொக்கு, இன்னா ஆச்சு?’ என்று கேட்டார்கள். நிற்கவில்லை.

கிடங்கு வாசலில் ஒரு இரட்டை மாட்டு வண்டி நின்றது. வண்டியில் நாலு மரம். எண்ணூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த ஒருவர், நாற்பது வயது இருக்கும், மரத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். முனைகள் சுரண்டியிருந்த இரண்டு மரங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அவற்றின் மேல் என் வட்டம் இருந்தது. நான் வண்டியில் ஏறி அந்த இரண்டின் மேலும் படுத்துவிட்டேன்.

“இன்னாப்பா இது பேஜாரு? எறங்கு.”

“இத தர முடியாது.”

“வாங்கியாச்சுய்யா. யாரு நீ?”

நான் இரண்டு மரத்தையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்டு அண்ணாச்சி வெளியே வந்தார். நான் இருந்த கோலத்தைப் பார்த்தார். துண்டைப் பார்த்தார், தலையில் இருந்த மணலைப் பார்த்தார்.

“ஏல, இது ஒன் வட்டந்தானல?”

“ஆமா அண்ணாச்சி.”

“பின்ன என்ன?”

“தட்டிப் போட்ட வட்டம் அண்ணாச்சி. சுரண்டிப் பாத்தப்புறம் இதுல நான் ஏறமாட்டேன்னு எடுத்துப் போட்டுட்டேன்.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே இருந்தார். எண்ணூர்க்காரர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எறக்குல. அறுத்துப் பாத்துருவோம்” என்றார் அண்ணாச்சி கடைசியில்.

ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இரண்டு பேர் இழுக்கும் ரம்பத்தில் ஒரு பிடியை நான் பிடித்தேன். மறு பிடியை அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். அவர் ரம்பம் பிடித்து நான் பார்த்ததில்லை. பழுப்பு வளையம் இருந்த மரத்தை முதலில் எடுத்தோம். அதில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். நடுவில் அறுத்தோம். இரண்டாகப் பிரிந்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது, ஒரு சொட்டுக் குறை இல்லை.

“தோ, தேங்கா கணக்கா கீது” என்றார் எண்ணூர்க்காரர். “நல்ல மரத்த ரெண்டாக்கிட்டியே. நீயெல்லாம் ஒரு ஆளா?”

எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. தரமான மரம் என்று வட்டம் போட்டதும் தெரியாமல் போட்டது, சொத்தை என்று கழித்ததும் தெரியாமல் கழித்தது. முனையில் கொஞ்சம் நிறம் மாறியிருந்ததைப் பார்த்துப் பயந்துபோய், நல்ல மரத்தை விறகாக்கியிருந்தேன். ரம்பத்தைக் கீழே வைத்தேன். “போதும் அண்ணாச்சி. இன்னொண்ணும் நல்லாத்தான் இருக்கும்” என்றேன்.

அண்ணாச்சி தன் பக்கத்துப் பிடியை விடவில்லை. “ஏறுவியால அதுல?” என்றார்.

மரத்தைப் பார்த்தேன். அந்தக் கணுவைப் பார்த்தேன்.

“மாட்டேன் அண்ணாச்சி.”

“பின்ன அறு.”

அறுத்தோம். கொஞ்ச நேரம் வெள்ளைத்தூள் விழுந்தது. கால்வாசி போனதும் ரம்பம் தானாக ஓட ஆரம்பித்தது. விழுந்த தூள் கருத்து ஈரமாக இருந்தது. மரம் தன் கனத்தாலேயே முறிந்து விழுந்தது. கணு வழியாகத் தண்ணீர் இறங்கி, அதற்குக் கீழே உள்ளே முழுக்க ஊறி மக்கிப்போய்ப் பொந்தாகியிருந்தது. அந்தக் கனம் தண்ணீரின் கனம்.

 எண்ணூர்க்காரர் குந்தி உட்கார்ந்து அந்தப் பொந்துக்குள் கையை விட்டார். முழங்கைவரை போனது. உடனே வெளியே எடுக்கவில்லை.

“எந்தம்பிய கூட கூட்டினு போறதா இருந்தேன்” என்றார்.